குடிசன் பார்க்கை விட்டது சரிதானா? எவர்ட்டன் முன் இருந்த வழிகள்: ஓர் ஒப்பீடு

2025 மே 18 அன்று சவுத்தாம்ப்டன் அணியை 2-0 என்ற கணக்கில் வென்ற கையோடு, லிவர்பூல் நகரின் எவர்ட்டன் கால்பந்துக் கழகத்தின் ஆடவர் அணி தான் ஏறத்தாழ 133 ஆண்டுகள் குடியிருந்த குடிசன் பார்க்கிலிருந்து விடைபெற்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று, மெர்சி ஆற்றங்கரையில் பிராம்லி-மூர் கப்பல்துறையைத் தூர்த்து எழுப்பிய புதிய அரங்கத்தின் முதல் லீக் ஆட்டத்தில் பிரைட்டனையும் அதே 2-0 கணக்கில் வென்றது. குடிசன் பார்க் திறக்கப்பட்டதும் ஓர் ஆகஸ்ட் 24-இல்தான், ஆண்டு 1892. நாள்கள் இப்படி ஒத்துப்போனது மனத்துக்கு இதமாக இருக்கிறது. ஆனால் கால் நூற்றாண்டு இழுபறிக்குப் பிறகு எடுக்கப்பட்ட முடிவு சரியானதா என்ற கேள்விக்கு அது விடையாகாது. தன் மைதானமான ஓல்டு டிராஃபோர்டுக்குப் பக்கத்திலேயே ஒரு லட்சம் பேர் அமரும் புதிய அரங்கம் கட்டப்போவதாக மான்செஸ்டர் யுனைடெட் 2025 மார்ச்சில் அறிவித்துவிட்டது. நியூகாசிலும் இருக்கும் இடத்தில் இருப்பதா, பெயர்வதா என்று பேசி வருகிறது. ஆகவே எவர்ட்டன் முன் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது இன்றும் பயனுள்ள வேலையே.

எந்த அளவுகோலால் அளப்பது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வருமானம் ஓர் அளவுகோல்தான். ஆனால் அதை மட்டும் வைத்தால் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் மலிவாகக் கிடைக்கும் நிலமே எப்போதும் வெல்லும். ஒரு கழகத்தின் வரலாறும் சாதனைகளும் எந்த மண்ணில், எந்த மக்களின் நடுவே விளைந்தன என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. எவர்ட்டனைப் பொறுத்தவரை அந்த வரலாறு கனமானது. 1888-இல் கால்பந்து லீக்கைத் தொடங்கிய 12 கழகங்களில் அதுவும் ஒன்று. அன்றிலிருந்து இன்றுவரை முதல் நிலைப் பிரிவுக்கு வெளியே அது ஆடியது நான்கே பருவங்கள்: 1930-31, பிறகு 1951 முதல் 1954 வரை மூன்று. இங்கிலாந்தில் வேறெந்தக் கழகமும் இத்தனை பருவங்கள் மேல்தட்டில் ஆடியதில்லை. 9 லீக் பட்டங்கள், 5 எஃப்.ஏ. கோப்பைகள், 1985-இல் ரோட்டர்டாமில் ராப்பிட் வியன்னாவை 3-1 என வென்று பெற்ற ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் கோப்பை என்று பட்டியல் நீள்கிறது. லீக் பட்டங்களில் முதலாவதைத் தவிர மற்ற எட்டும் குடிசன் பார்க் காலத்தில் வந்தவை.

அந்த முதலாவது பட்டம் எங்கே வந்தது என்பதை அறியும்போது பலரும் வியப்படைவார்கள். 1890-91 பருவத்தில் அதை எவர்ட்டன் வென்றபோது அதன் வீடு ஆன்ஃபீல்டு. 1878-இல் செயின்ட் டொமிங்கோ தேவாலயத்தின் இளைஞர்கள் தொடங்கிய அணி, அடுத்த ஆண்டே தன் வட்டாரத்தின் பெயரைச் சூடிக்கொண்டது. ஸ்டான்லி பூங்காவின் திறந்தவெளியிலும் பிரையரி சாலையிலும் ஆடி, 1884-இல் ஆன்ஃபீல்டுக்கு வந்தது. அங்கே மதுவடிப்பாலை உரிமையாளரும் அரசியல்வாதியுமான ஜான் ஹோல்டிங், கழகத்தின் தலைவர், நிலக்காரர் என இரண்டு பொறுப்புகளையும் தன் கையில் வைத்திருந்தார். தொடக்கத்தில் ஆண்டுக்கு 100 பவுண்டாக இருந்த வாடகை சில ஆண்டுகளிலேயே 250 பவுண்டானது. நிலத்தையே கழகம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. உறுப்பினர் கூட்டத்தில் பெரும்பான்மையினர் அதை ஏற்க மறுத்து, ஜார்ஜ் மேஹன் தலைமையில் ஸ்டான்லி பூங்காவின் மறுபக்கத்துக்கு நடந்தார்கள். காலியான ஆன்ஃபீல்டை நிரப்ப ஹோல்டிங் தொடங்கிய புதிய கழகம்தான் லிவர்பூல். ஆக, இடம்பெயர்வது எவர்ட்டனுக்கு அந்நியமான செயலன்று. குடிசன் பார்க்கே ஓர் இடப்பெயர்வின் விளைவு. ஆனால் அந்தப் பெயர்ச்சியின் தூரம் ஒரு பூங்காவின் அகலம்தான் என்பதை மறக்கக்கூடாது. அன்று கழகத்தைப் பின்தொடர்ந்த தொழிலாளிக் குடும்பங்கள் சனிக்கிழமை நடந்துபோகும் வழியை மட்டுமே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

அங்கே எழுந்தது, அந்தக் காலத்தில் ஈடு சொல்ல முடியாத ஓர் அரங்கம். 1894-இல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் அங்கே நடந்தது. ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஆர்ச்சிபால்ட் லீச் 1926-இல் புல்லன்ஸ் சாலை மாடத்தையும் 1938-இல் கிளாடிஸ் தெரு மாடத்தையும் கட்டி முடித்தபோது, பிரிட்டனிலேயே நான்கு பக்கமும் ஈரடுக்கு மாடங்கள் கொண்ட முதல் மைதானமாக அது விளங்கியது. மேலடுக்கின் முகப்பில் இரும்புச் சட்டங்களைப் பெருக்கல் குறிகளாகப் பின்னி லீச் அமைத்த அந்த வரிசை, புல்லன்ஸ் சாலைப் பக்கத்தில் இன்றும் நீல வண்ணத்தில் தெரிகிறது. மைதானத்தின் ஒரு மூலையில், இரு மாடங்களுக்கு இடைப்பட்ட சந்தில், செயின்ட் லூக் தேவாலயம் நிற்கிறது. அரங்கம் அதைச் சுற்றி வளர்ந்ததே தவிர அதை விழுங்கவில்லை. 1966 உலகக் கோப்பையின் ஐந்து ஆட்டங்கள் இங்கு நடந்தன. 3-0 என முன்னிலை பெற்றிருந்த வட கொரியாவுக்கு எதிராகத் தனி ஒருவராக நான்கு கோல் அடித்து யூசேபியோ மீட்டெடுத்த போர்ச்சுகலின் 5-3 வெற்றியும் அவற்றில் ஒன்று.

ஆனால் குடிசன் என்றவுடன் நினைவில் எழ வேண்டிய நாள் 1928 மே 5 என்பேன். எவர்ட்டனின் முன்கள வீரர் டிக்ஸி டீன் அந்தப் பருவத்தின் கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு வந்தபோது 53 கோல்கள் அடித்திருந்தார். முந்தைய ஆண்டு மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் கேம்செல் இரண்டாம் பிரிவில் அடித்த 59-ஐத் தாண்ட அவருக்கு ஏழு தேவைப்பட்டது. பர்ன்லியில் நான்கு அடித்தார். கடைசி நாளில் ஆர்சனலுக்கு எதிராக மூன்று வேண்டும். பட்டம் ஏற்கெனவே உறுதியாகிவிட்டதால் குடிசனுக்கு வந்த கூட்டம் முழுவதும் அந்த மூன்றுக்காகவே வந்திருந்தது. முதல் பாதியிலேயே இரண்டு வந்துவிட்டன. பிறகு ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, அலெக் டிரூப் உதைத்த கார்னர் பந்தை டீன் எம்பித் தலையால் முட்டி வலைக்குள் செலுத்தினார். 39 லீக் ஆட்டங்களில் 60 கோல். ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக இங்கிலாந்தின் முதல் நிலைப் பிரிவில் யாரும் அதை நெருங்கவில்லை. இரண்டே ஆண்டுகளுக்கு முன் மோட்டார் சைக்கிள் விபத்தில் மண்டையோடு உடைந்து, இனி ஆடுவாரா என்றே மருத்துவர்கள் ஐயுற்ற இளைஞர் அவர். எவர்ட்டனுக்காக 433 ஆட்டங்களில் 383 கோல்கள் அடித்த டீன், 1980 மார்ச் 1 அன்று, லிவர்பூலுடனான ஆட்டத்தைப் பார்க்க வந்த இடத்தில், அதே குடிசன் பார்க்கிலேயே உயிர்நீத்தார். இப்படிப்பட்ட மண்ணை விட்டுப் போவதற்கான காரணம் வலுவானதாக இருந்தாக வேண்டும்.

காரணம் வலுவானதுதான். 1948 செப்டம்பர் 18 அன்று லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்துக்கு 78,299 பேர் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நின்றபடி பார்த்தவர்கள். 1989-இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நேர்ந்த நெரிசலில் 97 பேர் உயிரிழந்த பிறகு, அதை விசாரித்த டெய்லர் அறிக்கையின்படி மேல்நிலைப் பிரிவுகளின் மைதானங்கள் அனைத்தும் இருக்கைகள் மட்டுமே கொண்டவையாக மாற்றப்பட்டன. அதன்பின் குடிசனின் கொள்ளளவு 40,000-க்கும் கீழே இறங்கியது. அவற்றிலும் பல இருக்கைகளுக்கு முன்னால் கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்கள் நின்றன. முழுக் கட்டணம் செலுத்தியவர்கூடக் கோல் கம்பத்தைக் காண முன்னும் பின்னும் சாய வேண்டியிருந்தது. ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஆன்ஃபீல்டு படிப்படியாக 61,000 பேருக்கு விரிந்தபோது, இரண்டு கழகங்களுக்கும் இடையிலான வருமான இடைவெளி ஒவ்வோர் ஆண்டும் அகன்றது. 1985, 1987 ஆண்டுகளில் நாட்டின் முதல் அணியாக இருந்த எவர்ட்டன், பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் அரங்கில் ரசிகர்கள் பலியான துயரத்துக்குப் பின் இங்கிலாந்துக் கழகங்களின் மீது விதிக்கப்பட்ட தடையால் ஐரோப்பியக் கோப்பையில் ஆடும் வாய்ப்பை இழந்தது. பிரீமியர் லீக் பணம் பெருகத் தொடங்கிய காலத்தில் அதன் மைதானமும் அதற்குத் தடையாயிற்று.

இனி வழிகளுக்கு வருவோம். முதல் வழி, இருந்த இடத்திலேயே இடித்துக் கட்டுவது. ரசிகர்களில் ஒரு பகுதியினர் கடைசிவரை இதையே வலியுறுத்தினார்கள். என் மனமும் முதலில் இந்தப் பக்கமே சாய்ந்தது. வரலாறு அறுபடாமல் தொடரும், ரசிகர்கள் பழகிய வழியிலேயே நடப்பார்கள், அந்தத் தெருக்களின் தேநீர்க் கடைகளும் மதுக்கூடங்களும் பிழைக்கும். ஆனால் நிலப்படத்தை விரித்து வைத்தால் இடர் கண்ணெதிரே தெரிகிறது. மூன்று பக்கங்களில் செங்கல் வீடுகள் தெருவை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. பக்கத்திலேயே ஒரு தொடக்கப் பள்ளி, மூலையில் தேவாலயம். பார்க் எண்ட் பக்கத்தில் மட்டுமே மூச்சுவிட இடம் உண்டு. 50,000 இருக்கைகள் வேண்டுமானால் வீடுகளை வாங்கி இடிக்க வேண்டும். கட்டி முடியும்வரை பல பருவங்கள் குறைந்த கொள்ளளவில் ஆட வேண்டும். 1994 மே 7 அன்று, பார்க் எண்ட் மாடம் இடிக்கப்பட்டிருந்ததால் மூன்றே பக்கங்கள் கொண்ட குடிசனில், இரண்டு கோல் பின்தங்கி, பிறகு விம்பிள்டனை 3-2 என வென்று, கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படும் தரமிறக்கத்திலிருந்து எவர்ட்டன் தப்பியது. அந்த நாளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, பாதி மைதானத்தோடு பல பருவங்கள் ஆடுவது எத்தகைய ஆபத்து என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீடுகளை இடித்துத்தான் அக்கம்பக்கத்தைக் காப்பாற்ற முடியும் என்றால், அந்த வழி தன் நோக்கத்தையே தோற்கடிக்கிறது.

லிவர்பூலுடன் ஓர் அரங்கத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற யோசனையும் அவ்வப்போது எழுந்து அடங்கியது. மிலான் நகரின் இரு கழகங்கள் அப்படி வாழ்கின்றன. ஆனால் வாடகைத் தகராறில் பிரிந்து தனித்தனி வீடு கண்ட இரு கழகங்களை மீண்டும் ஒரு கூரையின்கீழ் வைக்க இரு தரப்பு ரசிகர்களும் விரும்பவில்லை. கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் அதை மேலும் ஆராய வேண்டியதில்லை.

அடுத்தது கிங்ஸ் டாக். 2000-களின் தொடக்கத்தில் நகரின் மையத்தில், ஆல்பர்ட் கப்பல்துறைக்கு அருகில், மூடித் திறக்கும் கூரையுடன் 55,000 பேர் அமரும் அரங்கம் திட்டமிடப்பட்டது. பொதுப் பணமும் சேர்ந்து வரவிருந்த அத்திட்டத்தில் கழகம் தன் பங்காகத் தர வேண்டியிருந்தது 3 கோடி பவுண்டு. அதைத் திரட்ட முடியாமல் 2003-இல் வாய்ப்பு கைநழுவியது. மறு ஆண்டு பதினெட்டு வயது வெய்ன் ரூனியை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றதில் கிட்டியதாகச் சொல்லப்பட்ட தொகை 2 கோடியே 70 லட்சம் பவுண்டு வரை போனது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த 3 கோடி எவ்வளவு பெரிய மலையாகவும், அதே நேரத்தில் எவ்வளவு எட்டக்கூடிய உயரமாகவும் இருந்தது என்பது புரியும். எல்லா வழிகளிலும் இதுவே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. நகர மையத்தின் பேருந்தும் ரயிலும் காலடியில், செலவு பின்னாளில் பிராம்லி-மூருக்கு ஆனதில் ஒரு சிறு பகுதி. இன்று அந்த இடத்தில் இசை நிகழ்ச்சிகளுக்கான உள்ளரங்கம் நிற்கிறது.

கிங்ஸ் டாக் இழப்பின் பதற்றத்தில் பிறந்ததுதான் கிர்க்பி திட்டம் என்று தோன்றுகிறது. 2006 முதல் 2009 வரை பேசப்பட்ட இத்திட்டத்தில், டெஸ்கோ நிறுவனத்தின் பேரங்காடியோடு இணைந்து, லிவர்பூல் நகர எல்லைக்கு வெளியே நோஸ்லி மாவட்டத்தில் 50,000 இருக்கைகள் கொண்ட அரங்கம் எழவிருந்தது. கழகத்தின் செலவு குறைவு என்பதே இதன் ஒரே பெரிய வலிமை. 2007-இல் ரசிகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் 59 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அந்த எண்ணிக்கையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கிர்க்பியிலும் எவர்ட்டன் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. போருக்குப் பின் நகரின் பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டபோது அங்கே குடியேற்றப்பட்டவர்கள் அவர்கள். ஆயினும் எதிர்த்தவர்களின் வாதமே எனக்குச் சரியாகப் படுகிறது. லிவர்பூல் நகரின் முதல் பெரிய கழகம் நகரை லிவர்பூல் எஃப்.சி.யிடம் விட்டுவிட்டு வெளியேறுவது, திரும்பப் பெற முடியாத இழப்பாக இருந்திருக்கும். பொது விசாரணைக்குப் பின் 2009 நவம்பரில் அரசு அனுமதி மறுத்தது. சுற்றுவட்டார நகரங்களின் கடைவீதிகளைப் பேரங்காடி நலிவடையச் செய்யும் என்பது முக்கியக் காரணம். அன்று அது தோல்வியாகத் தெரிந்தது. கழகத்துக்கு நேர்ந்த நற்பேறு என்று இன்று அதைச் சொல்லத் தயங்க மாட்டேன்.

2014-இல் அறிவித்து 2016-இல் கைவிடப்பட்ட வால்டன் ஹால் பூங்காத் திட்டம், குடிசனுக்கு மிக அருகில் இருந்தும், மக்களின் பசுமைவெளியைப் பறிப்பதாக இருந்ததாலும் பணவழி தெளிவில்லாததாலும் நின்றுபோனது.

மிஞ்சியது பிராம்லி-மூர். ஜெஸ்ஸி ஹார்ட்லி வடிவமைத்து 1848-இல் திறக்கப்பட்ட இந்தக் கப்பல்துறை, குடிசனிலிருந்து 3 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், நகருக்குள்ளேயே இருக்கிறது. 2021 பிப்ரவரியில் மாநகரமன்றம் அனுமதி தந்தது; ஆகஸ்டில் வேலை தொடங்கியது; கடலிலிருந்து எடுத்த மணலைக் கொட்டி நீர்ப்பரப்பு நிரப்பப்பட்டது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் டான் மெய்ஸின் வடிவமைப்பில் எழுந்த அரங்கத்தின் கொள்ளளவு 52,769. தெற்குப் பக்கத்தில் ஏறத்தாழ 13,000 பேர் ஒரே செங்குத்தான சரிவில் அமர்கிறார்கள். எந்த இருக்கைக்கும் முன்னால் தூண் இல்லை. வெளிச்சுவரின் செங்கல் பழைய கிடங்குகளின் நிறத்தில் இருக்கிறது. அருகே சென்று பார்த்தால் அந்தச் செங்கல் அடுக்கிலேயே லீச்சின் பெருக்கல் குறிகள் பொறிக்கப்பட்டிருப்பது தெரியும். நீரியல் இயந்திரங்கள் இருந்த பழைய கட்டடமும் துறைமுக மதிலும் காக்கப்பட்டுள்ளன. நாடுகளுக்கு இடையிலான 2028 ஐரோப்பியக் கோப்பைப் போட்டியின் அரங்கங்களில் ஒன்றாகவும் இது தேர்வாகியிருக்கிறது. குடிசனுக்கு அந்தத் தகுதி கிடைத்திருக்காது.

இதற்குக் கொடுத்த விலையையும் மறைக்காமல் எழுத வேண்டும். 2021 ஜூலையில் லிவர்பூல் துறைமுகப் பகுதியின் உலகப் பாரம்பரியத் தகுதியை யுனெஸ்கோ நீக்கியபோது, சொல்லப்பட்ட காரணங்களில் இந்த அரங்கமும் ஒன்று; அதற்கு முன் உலகில் இரண்டே இடங்கள்தான் அப்படி நீக்கப்பட்டிருந்தன. நகரத்துக்கு இது உண்மையான இழப்பு. ஆனால் பூட்டிய மதிலுக்குப் பின்னால் பல பத்தாண்டுகளாக எவரும் காணாமல் கிடந்த நீர்நிலை அது என்பதையும் எதிர்த்தட்டில் வைக்க வேண்டும். பணக்கணக்கு இதைவிடக் கொடுமையானது. 50 கோடி பவுண்டு என்று பேசத் தொடங்கிய செலவு 75 கோடியை எட்டியதாகச் சொல்லப்பட்டது. 2023-24 பருவத்தில் நிதி விதிகளை மீறியதாகக் கழகத்துக்கு முதலில் 10 புள்ளிகள் கழிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது 6 ஆகி, பின்னர் வேறொரு வழக்கில் மேலும் 2 கழிக்கப்பட்டன. அரங்கக் கட்டுமானக் கடனின் வட்டியை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பது முதல் வழக்கின் மையமான வாதங்களில் ஒன்றாக இருந்தது. இத்தனைக்கும் பிறகு 40 புள்ளிகளோடு 15-ஆம் இடத்தில் அணி முடித்ததால் தப்பியது. 2022-இலும் 2023-இலும் பருவத்தின் கடைசி வாரத்தில்தான் தரமிறக்கம் தவிர்க்கப்பட்டது. புதிய அரங்கத்தை இரண்டாம் பிரிவில் திறக்க நேர்ந்திருந்தால், இந்தக் கட்டுரையின் முடிவு வேறாக இருந்திருக்கும்.

ஆகவே என் வரிசை இது: தவறவிட்ட கிங்ஸ் டாக் முதலில், அதற்கு அடுத்து, செலவு மிகுந்தாலும், பிராம்லி-மூர், மூன்றாவதாகக் குடிசனைப் புதுப்பிப்பது, கிர்க்பி கடைசியில். நகர எல்லைக்குள் இருப்பதும் பழைய வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருப்பதும்தான் இரண்டாவதை மூன்றாவதைவிட ஒரு படி மேலே வைக்கின்றன. அத்தொலைவு கிர்க்பி அளவுக்கு நீண்டிருந்தால், தூண் மறைக்கும் இருக்கையே மேல் என்று எழுதியிருப்பேன்.

இந்த மதிப்பீட்டை மாற்றியிருக்கக்கூடிய இன்னொரு முடிவும் இருந்தது: காலியாகும் குடிசனை என்ன செய்வது என்பது. முதல் திட்டம், இடித்துவிட்டு வீடுகளும் நலவாழ்வு மையமும் பிற பொது வசதிகளும் அமைப்பதாக இருந்தது. அது பழிக்கத்தக்க திட்டமன்று. அந்த வட்டாரத்துக்கு அவை தேவையே. ஆனால் 2024 டிசம்பரில் கழகத்தை வாங்கிய ஃபிரீட்கின் குழுமம், 2025-26 பருவம் முதல் குடிசன் பார்க் எவர்ட்டன் மகளிர் அணியின் வீடாக இருக்கும் என்று 2025 மே மாதம் அறிவித்தது. இரண்டில் இதுவே மேலானது என்பதற்கான காரணம் அந்த மைதானத்தின் பதிவேட்டிலேயே இருக்கிறது. 1920 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஆயுதத் தொழிற்சாலைப் பெண்களின் அணியாகத் தொடங்கிய டிக் கெர் மகளிர் அணி செயின்ட் ஹெலன்ஸ் மகளிரை எதிர்த்துக் குடிசனில் ஆடியதைக் காண ஏறத்தாழ 53,000 பேர் உள்ளே வந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் இடமின்றி வெளியே நின்றார்கள். ஓர் ஆண்டுகூட ஆகவில்லை, 1921 டிசம்பர் 5 அன்று கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை விதித்தது. அரை நூற்றாண்டு அது நீடித்தது. புல்லன்ஸ் சாலை மாடத்தின் நீலப் பெருக்கல் குறிகளுக்குக் கீழே இன்று சொந்த மைதானம் என்ற உரிமையோடு களமிறங்குபவர்கள் பெண்களே.